விண்டோஸ் இல்லாத கணினியும் ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜும்: எதைப் பார்த்து வாங்குவது?

"இந்த ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜ் லினக்ஸில் ஓடுமா?" நின்டெண்டோ நிறுவனத்தின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய் ஒன்றைத் தூசு தட்டி எடுத்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். மேக் கணினி வைத்திருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஒருவர் "ஓடும்" என்பார். இன்னொருவர் "ஓடாது, விண்டோஸ் கட்டாயம் வேண்டும்" என்பார். இருவரும் தத்தம் அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவர் கையிலும் இருந்த பொருள் வேறு வேறு. உண்மையில் ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜ் எதுவும் லினக்ஸிலோ மேக்கிலோ விண்டோஸிலோ ஓடுவதில்லை. அது ஓடுவது கையடக்க விளையாட்டுக் கருவிக்குள். கணினிக்கு இதில் உள்ள வேலை ஒன்றே ஒன்று: விளையாட்டுக் கோப்பை அந்தக் கார்ட்ரிட்ஜிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "என் கணினி இந்தப் பொருளோடு எந்த வழியில் பேசப் போகிறது?" என்பதாகும். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், தேர்வு பெருமளவு தானாகவே நடந்துவிடும். அந்த விடையை நீங்களே கண்டுபிடிக்கத் தேவையான அளவுக்கு மட்டும் உள்ளிருக்கும் இயக்கத்தை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுகளுக்குக் கேம் பாய், கேம் பாய் கலர், கேம் பாய் அட்வான்ஸ் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பெயர்களைப் பிரித்துவிடுவோம்

நான்கு வேறு பொருள்களை மக்கள் ஒரே பெயரால் அழைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

கார்ட்ரிட்ஜ் என்பது கருவியின் பின்புறம் செருகப்படும் பிளாஸ்டிக் பேழை. விளையாட்டு அதற்குள் இருக்கும் சில்லில் பதிந்திருக்கும். அந்தச் சில்லில் உள்ளதை அப்படியே படியெடுத்து ஒரே கோப்பாக்கினால் அதற்கு ரோம் கோப்பு என்று பெயர். ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜ் என்பது அசல் கார்ட்ரிட்ஜின் வடிவிலேயே இருக்கும், ஆனால் உள்ளடக்கத்தை நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய பேழை. கார்ட்ரிட்ஜ் படிப்பி என்பது இவற்றிலிருந்து வேறானது: ஒரு பக்கம் யூ.எஸ்.பி. கம்பியும் மறுபக்கம் கார்ட்ரிட்ஜைச் செருகும் வாயும் கொண்ட சிறு பலகை. அது கார்ட்ரிட்ஜில் உள்ளதைக் கணினிக்குப் படித்துத் தரும்; கார்ட்ரிட்ஜ் இடம்கொடுத்தால் அதில் எழுதவும் செய்யும்.

நான்காவது, எமுலேட்டர். இது கையடக்கக் கருவியையே கணினிக்குள் போலச் செய்துகாட்டும் மென்பொருள். இதற்குக் கார்ட்ரிட்ஜே வேண்டாம். "லினக்ஸில் ஓடுமா" என்ற கேள்வி நேராகப் பொருந்துவது இது ஒன்றுக்குத்தான். மற்ற மூன்றையும் பற்றி அப்படிக் கேட்கும்போது, எமுலேட்டரின் கேள்வியைத்தான் தவறான முகவரிக்கு அனுப்புகிறோம்.

கார்ட்ரிட்ஜுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு மளிகைக் கடையை எண்ணிக்கொள்ளுங்கள். கல்லாவில் அமர்ந்திருக்கும் கடைக்காரர் எழுந்து போவதே இல்லை. அவர் கைக்கு எட்டும் தொலைவில் இரண்டே தட்டுகள். முதல் தட்டில் உப்பு, புளி, மிளகாய் என்று எல்லோரும் எப்போதும் கேட்பவை நிரந்தரமாக இருக்கும். இரண்டாம் தட்டு மாறிக்கொண்டே இருக்கும்: யாராவது பச்சரிசி கேட்டால், "முப்பத்தேழாம் மூட்டை" என்று அவர் குரல் கொடுப்பார், பின்னால் நிற்கும் கடைப் பையன் கிடங்கிலிருந்து அந்த மூட்டையைக் கொண்டுவந்து இரண்டாம் தட்டில் வைப்பான். கடைக்காரரைப் பொறுத்தவரை உலகத்தில் இருப்பது இரண்டு தட்டுகள் மட்டுமே.

1989-இல் வெளிவந்த கேம் பாய் இப்படித்தான் இயங்குகிறது. அதன் செயலி ஒரே நேரத்தில் காணக்கூடிய விளையாட்டுப் பகுதி 32 கிலோபைட். அது 16 கிலோபைட் வீதம் இரண்டு தட்டுகள். டெட்ரிஸ் போன்ற சிறிய விளையாட்டு அந்த 32 கிலோபைட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்குக் கடைப் பையன் தேவையில்லை. பெரிய விளையாட்டுகளுக்குத் தேவை. அந்தக் கடைப் பையனின் வேலையைச் செய்யும் சில்லுக்கு மேப்பர் என்று பெயர். செயலி ஓர் எண்ணைக் கூறினால், அந்த எண்ணுக்குரிய 16 கிலோபைட் பகுதியை அது இரண்டாம் தட்டில் கொண்டுவந்து வைக்கும். மேப்பர்களில் பல வகை உண்டு: எம்.பி.சி.1 என்பது 2 மெகாபைட் வரை கையாளும், எம்.பி.சி.3 என்பதில் நேரம் காட்டும் கடிகாரமும் சேர்ந்து வரக்கூடும்; எம்.பி.சி.5 என்பது 512 பகுதிகள், அதாவது 8 மெகாபைட் வரை கையாளும். கேம் பாய் அட்வான்ஸில் இந்தச் சிக்கல் குறைவு. 2001-இல் வந்த அந்தக் கருவி, 32 மெகாபைட் வரை நேராகவே பார்க்க வல்லது.

இவற்றோடு, நாம் விளையாடி வந்த இடத்தைக் குறித்து வைக்கும் சேமிப்பு நினைவகம் தனியாக இருக்கிறது. கேம் பாய் காலத்தில் அது மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் சில்லு. அதனால்தான் பல கார்ட்ரிட்ஜுகளுக்குள் ஒரு நாணய மின்கலம் பற்றவைக்கப்பட்டிருக்கும். கேம் பாய் அட்வான்ஸில் மின்கலம் தேவைப்படாத வேறு வகைச் சேமிப்பு முறைகளும் வந்தன.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: கார்ட்ரிட்ஜ் என்பது வெறும் கோப்புப் பெட்டி அன்று. விளையாட்டு, மேப்பர், சேமிப்பு என்று மூன்று பங்காளிகள் அதற்குள் இருக்கிறார்கள். ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜ் ஒன்று நல்லதா என்பது, இந்த மூவரையும் அது எவ்வளவு ஒழுங்காகப் போலச் செய்கிறது என்பதைப் பொறுத்தது.

ஃப்ளாஷ் என்ற சொல்

அசல் கார்ட்ரிட்ஜின் ரோம் சில்லு அச்சிட்ட புத்தகம் போன்றது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே எழுத்து பதிந்துவிட்டது, திருத்த முடியாது. ஃப்ளாஷ் நினைவகம் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை போன்றது, ஆனால் ஒரு விசித்திரமான நிபந்தனையோடு. பலகையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் ஒரே ஓர் எழுத்தை மட்டும் துடைக்க முடியாது. துடைத்தால் ஒரு கட்டம் முழுவதையும் துடைக்க வேண்டும். தொழில்நுட்பப்படி சொன்னால், எழுதும்போது 1 என்றிருக்கும் பிட்டை, அதாவது தரவின் மிகச் சிறிய அலகை, 0 ஆக்க முடியும். 0-ஐ மீண்டும் 1 ஆக்க, அந்தக் கட்டம் முழுவதையும் ஒரே வீச்சில் அழிக்க வேண்டும். அதனால்தான் எழுதும் மென்பொருள் "அழிக்கிறது" என்று முதலில் சிறிது நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பிறகு "எழுதுகிறது" என்கிறது.

ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்த இந்த நினைவகத்தில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று 1984-இலும் மற்றொன்று 1987-இலும் அறிவிக்கப்பட்டது. முதலாவது நார் வகை: எந்த முகவரியைக் கேட்டாலும் உடனே அந்த ஒரு பைட்டைத் தரும். அசல் ரோம் சில்லின் இடத்தில் இதை நேராக வைத்துவிடலாம். இரண்டாவது நேண்ட் வகை: மலிவானது, கொள்ளளவு மிக அதிகம், ஆனால் கேட்டதைப் பெரிய பெரிய துண்டுகளாகத்தான் தரும், சற்றுத் தாமதித்தும் தரும். நம் கைப்பேசிக்குள் செருகும் எஸ்.டி. அட்டை இந்த வகையைச் சேர்ந்தது.

இந்த வேறுபாட்டிலிருந்தே ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜுகள் இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன.

இரண்டு குடும்பங்கள்

முதல் குடும்பத்தை அட்டைக் கார்ட்ரிட்ஜ் என்று அழைப்போம். எவர்டிரைவ் வரிசை, ஈசி-ஃப்ளாஷ் ஜூனியர், ஈசி-ஃப்ளாஷ் ஒமேகா ஆகியவை இவ்வகை. இவற்றின் ஓரத்தில் மைக்ரோ எஸ்.டி. அட்டை ஒன்றைச் செருகும் பிளவு இருக்கும். கருவியை இயக்கினால் பட்டியல் ஒன்று திரையில் வரும். விளையாட்டைத் தேர்ந்தால், சிறிது நேரத்தில் தொடங்கும். அந்தச் சிறிது நேரத்தில் நடப்பதைக் கடையின் கணக்கிலேயே பார்க்கலாம். எஸ்.டி. அட்டை என்பது ஊருக்கு வெளியே இருக்கும் மொத்த வியாபாரக் கிடங்கு. வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது அங்கே ஆள் அனுப்பி எடுத்துவர முடியாது. ஆகவே கடை திறக்கும் முன்பே, அன்றைக்கு வேண்டிய மூட்டைகள் அனைத்தையும் வண்டியில் ஏற்றிவந்து கடையின் பின்கிடங்கில் இறக்கிவிடுகிறார்கள். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் விரைவான நினைவகம்தான் அந்தப் பின்கிடங்கு. மேப்பரின் வேலையை, எந்த வேடமும் போடவல்ல ஒரு மறுநிரலாக்கச் சில்லு ஏற்றுக்கொள்கிறது.

இரண்டாவது குடும்பத்தை நேரெழுத்துக் கார்ட்ரிட்ஜ் எனலாம். இதற்குள் அட்டை கிடையாது. நார் வகை ஃப்ளாஷ் சில்லு ஒன்றும், மேப்பர் ஒன்றும், சேமிப்பு நினைவகமும் மட்டுமே இருக்கும். பெரும்பாலும் ஒரே விளையாட்டைத்தான் வைக்க முடியும். மாற்ற வேண்டுமானால் கார்ட்ரிட்ஜ் படிப்பியில் செருகிக் கணினியிலிருந்து எழுத வேண்டும். விலை குறைவு, கருவி இயங்கும்போது அசல் கார்ட்ரிட்ஜுக்கும் இதற்கும் வேறுபாடே தெரியாது, மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். தாம் எழுதிய விளையாட்டைப் பேழையில் அடைத்து நண்பருக்குக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட ஏற்றது வேறில்லை.

கொள்ளளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நேரெழுத்துக் கார்ட்ரிட்ஜின் மேல் "64எம்" என்று எழுதியிருந்தால் அது 64 மெகாபைட் அன்று, 64 மெகாபிட். எட்டால் வகுத்தால் 8 மெகாபைட். பழக்கத்தின் காரணமாக இந்தத் துறையில் இன்றும் பிட் கணக்கே நடக்கிறது. தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

கணினி பேசும் மூன்று வழிகள்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். புதிய ஊருக்குப் போகிறவர் அங்கே மூன்று விதமாகப் பேச்சு நடத்தலாம். எல்லோருக்கும் தெரிந்த பொது மொழியில் பேசலாம். பொது மொழி இல்லாவிட்டாலும், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் அந்த ஊரிலேயே இருந்தால் அவரை வைத்துப் பேசலாம். அல்லது அந்த வீட்டார் அனுப்பிவைக்கும் ஒரே ஒரு ஆளை நம்பிக் காத்திருக்கலாம். அந்த ஆள் வராவிட்டால் பேச்சே இல்லை.

யூ.எஸ்.பி. உலகிலும் இதே நிலைதான். வட்டு, விசைப்பலகை போன்றவற்றுக்கு எல்லா இயங்குதளங்களும் ஒப்புக்கொண்ட பொது வகுப்புகள் உண்டு; அவற்றுக்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். கருவி பேசுவதை இயங்குதளத்துக்குப் புரியவைக்கும் சிறு நிரலுக்கு டிரைவர் என்று பெயர். புகழ்பெற்ற பல சில்லுகளின் டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கருவத்திலும் மேக்கிலும் ஏற்கெனவே உள்ளன. மூன்றாவது வகை, தயாரிப்பாளர் விண்டோஸுக்கு மட்டும் தனியாக எழுதிக் கொடுக்கும் டிரைவர். "விண்டோஸ் கட்டாயம் வேண்டும்" என்று சொன்னவர் கையில் இருந்தது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையாகத்தான் இருக்கும்.

முதல் வழி: அட்டையும் கோப்பும்

அட்டைக் கார்ட்ரிட்ஜ் வாங்கினால் கணினி கார்ட்ரிட்ஜோடு பேசுவதே இல்லை. அது எஸ்.டி. அட்டையோடு மட்டுமே பேசுகிறது. அட்டை படிப்பி எந்தக் கணினியிலும் வட்டாகத் தெரியும். லினக்ஸ், மேக், குரோம்புக் எதுவானாலும் கோப்பை இழுத்துப் போட்டால் போதும். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். ஆனாலும் இங்கே மூன்று பள்ளங்கள் உண்டு.

முதலாவது, அட்டையின் வடிவமைப்பு முறை. கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிறிய நிரலுக்கு எல்லாக் கோப்பு முறைகளும் தெரியாது. ஃபேட்32 என்பது ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் தெரியும். 32 கிகாபைட் வரையிலான அட்டைகள் பெரும்பாலும் அந்த முறையிலேயே வருகின்றன. அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் முறையில் வரும். அதைச் சில கார்ட்ரிட்ஜுகள் மட்டுமே ஏற்கும். பெரிய அட்டையை ஃபேட்32-க்கு மாற்ற விண்டோஸின் வழக்கமான வடிவமைப்புச் சாளரம் நெடுங்காலம் மறுத்து வந்தது. லினக்ஸிலும் மேக்கிலும் அந்தத் தடை கிடையாது என்பதால் இந்த ஓர் இடத்தில் நம் பாடு எளிது. மேக்கில் வட்டுப் பயன்பாட்டைத் திறந்து, எல்லாக் கருவிகளையும் காட்டச் சொல்லி, அட்டையின் பகுதியைத் தேர்ந்தெடுக்காமல் அட்டையையே தேர்ந்தெடுத்து, "எம்.எஸ்.-டாஸ் ஃபேட்" என்ற முறையையும் "மாஸ்டர் பூட் ரெக்கார்ட்" என்ற அமைப்பையும் கொடுக்க வேண்டும். அமைப்பு என்ற அந்த இரண்டாவது தேர்வைக் கவனிக்காமல் விட்டால், மேக் அட்டையின் தொடக்கத்தில் தனக்கென்று ஒரு சிறு பகுதியை ஒதுக்கிக்கொள்ளும். கார்ட்ரிட்ஜ் அதைப் பார்த்துத் திகைத்து நிற்கும்.

இரண்டாவது, மேக் உருவாக்கும் நிழல் கோப்புகள். முதன்முறை என் அட்டையைக் கருவியில் செருகிப் பார்த்தபோது, பத்து விளையாட்டுகளுக்குப் பட்டியலில் இருபது பெயர்கள் நின்றன. ஒவ்வொன்றின் மேலும் புள்ளியும் அடிக்கோடும் முன்னொட்டிய ஒரு இரட்டை. அதைத் திறந்தால் வெற்றுத் திரை. கோப்பைப் பற்றிய கூடுதல் விவரங்களை ஃபேட் முறையில் எழுத இடமில்லாததால், மேக் அவற்றைத் தனிக் கோப்பாக அருகிலேயே வைத்துவிடுகிறது. கணினியில் அவை மறைந்திருக்கும். கார்ட்ரிட்ஜின் பட்டியலுக்கோ மறைப்பது பற்றித் தெரியாமல் போகலாம். அவற்றைத் துடைக்க மேக்கில் கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான முனையத்திலேயே "டாட் கிளீன்" என்றொரு கட்டளை இருக்கிறது. கோப்புகளை மாற்றி முடித்த பிறகு, வெளியே எடுக்கும் முன் அதை ஒரு முறை இயக்குவது நல்ல பழக்கம்.

மூன்றாவது பள்ளத்தில் லினக்ஸ்காரர்கள் அதிகம் விழுகிறார்கள். நகலெடுக்கும் பட்டை நூறு விழுக்காட்டைத் தொட்டுவிட்டாலும், தரவின் ஒரு பங்கு இன்னும் கணினியின் நினைவகத்திலேயே காத்துக்கொண்டிருக்கலாம். கிளம்பத் தயாரான பேருந்தில் பயணிகள் ஏறிவிட்டார்கள், மூட்டைகள் இன்னும் கீழே கிடக்கின்றன என்பது போன்ற நிலை. அப்போது அட்டையைப் பிடுங்கினால் கோப்பின் பெயர் இருக்கும், அளவும் சரியாகக் காட்டக்கூடும், உள்ளே பாதி இராது. விளையாட்டு தொடங்கி, மூன்றாம் கட்டத்தில் திரை உறைந்துபோனால் கார்ட்ரிட்ஜைக் குறைசொல்லும் முன் இதைச் சந்தேகிக்க வேண்டும். "பாதுகாப்பாக வெளியேற்று" என்பதை அழுத்தி, அது முடிந்துவிட்டதாகச் சொல்லும்வரை காத்திருங்கள்.

சுருக்கமாக: அட்டைக் கார்ட்ரிட்ஜுக்கு இயங்குதளம் ஒரு பொருட்டில்லை, அட்டையை ஒழுங்காகத் தயாரிப்பதே பொருட்டு.

இரண்டாம் வழி: சீரியல் வழியே பேசும் படிப்பிகள்

நேரெழுத்துக் கார்ட்ரிட்ஜுக்கும், பழைய அசல் கார்ட்ரிட்ஜைப் படியெடுக்கவும் படிப்பி தேவை. இங்கேதான் இயங்குதளம் உண்மையாகவே கணக்கில் வருகிறது.

ஜி.பி.எக்ஸ்கார்ட் ஆர்.டபிள்யூ. என்ற படிப்பி பரவலாகப் பயன்படுவது. இதற்குள் இருக்கும் சி.எச்.340 என்ற சில்லு, யூ.எஸ்.பி. கம்பியைச் சீரியல் துறையாக, அதாவது ஒரு பைட்டுக்குப் பின் ஒரு பைட்டாக வரிசையில் அனுப்பும் பழைய தொடர்பு முறையாக மாற்றித் தருகிறது. இதற்கான டிரைவர் லினக்ஸ் கருவத்திலேயே உண்டு. அண்மைக்கால மேக் பதிப்புகளிலும் உள்ளேயே வருகிறது. இதோடு பேசும் ஃப்ளாஷ்ஜி.பி.எக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டிருப்பதால் மூன்று இயங்குதளங்களிலும் ஒரே முகத்தோடு இயங்குகிறது. கம்பியின் மறுமுனையில் இருப்பது பொதுவான சில்லு, மென்பொருளின் மூலநிரல் எல்லோர் கண்முன்னும் இருக்கிறது என்ற இந்த இணைவை நான் பெரிதும் மதிக்கிறேன். தயாரிப்பாளர் நாளை கடையை மூடினாலும் நம் கையில் இருக்கும் பலகை செத்துவிடாது.

லினக்ஸில் புதியவர்கள் இடறும் இடம் உரிமை. படிப்பியைச் செருகினால் கணினி அதைக் கண்டுகொள்ளும், ஆனால் மென்பொருள் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று சொல்லும். சீரியல் துறைகளைத் தொடும் உரிமை ஒரு குறிப்பிட்ட பயனர் குழுவுக்கு மட்டுமே உண்டு என்பதே காரணம். உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளில் அந்தக் குழுவின் பெயர் "டயல்அவுட்". தொலைபேசிக் கம்பியில் மோடம் வைத்து எண்சுழற்றிய காலத்தின் எச்சம் அந்தப் பெயர். ஆர்ச் லினக்ஸில் அது வேறு பெயரில் இருக்கும். உங்கள் பயனர் கணக்கை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். இந்த இரண்டாவது படியை மறந்துவிட்டு, சேர்த்தும் பயனில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. நிர்வாகி உரிமையோடு மென்பொருளை இயக்கினாலும் வேலை நடக்கும்தான். ஆனால் அது வீட்டுச் சாவிக்கொத்தையே ஒருவர் கையில் கொடுப்பது, ஒரு அறையைத் திறக்க அது தேவையில்லை.

இன்னொரு சிக்கல் அறிந்திருக்கத் தக்கது. உபுண்டு 22.04 போன்ற சில பதிப்புகளில், பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் காட்சிக் கருவிகளுக்கான சேவை ஒன்று முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்கும். அத்தகைய கருவிகள் சிலவற்றிலும் இதே சி.எச்.340 சில்லு இருப்பதால், நம் படிப்பியைச் செருகியதும் அந்தச் சேவை அதைத் தன்னுடையது என்று எண்ணி எடுத்துக்கொள்ளும். படிப்பியின் விளக்கு எரியும். கணினியின் பதிவேட்டில் "இணைந்தது" என்ற வரியும் அடுத்த நொடியே "துண்டிக்கப்பட்டது" என்ற வரியும் அடுத்தடுத்து நிற்கும். கம்பி பழுது, பலகை பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வீட்டில் பிரெய்ல் கருவி பயன்படுத்துபவர் இல்லையென்றால் அந்தச் சேவையை நிறுத்தினாலே போதும்.

ஜோயி ஜூனியர் என்ற படிப்பி வேறொரு கெட்டிக்கார வழியில் இதைத் தீர்க்கிறது. அது தன்னை யூ.எஸ்.பி. வட்டாகவே கணினிக்குக் காட்டிக்கொள்ளும். கார்ட்ரிட்ஜில் உள்ள விளையாட்டும் சேமிப்பும் அந்த வட்டில் கோப்புகளாகத் தோன்றும், இழுத்து வைத்துக்கொள்ளலாம். அதாவது படிப்பியாக இருந்தும் முதல் வழியின் பொது மொழியில் பேசுகிறது. ஜி.பி. ஆப்பரேட்டர் என்பது இன்னொன்று. பிளேபேக் என்ற அதன் சொந்த மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கிடைக்கிறது. அசல் கார்ட்ரிட்ஜைச் செருகிக் கணினித் திரையிலேயே விளையாடுவதும் சேமிப்பைப் பாதுகாப்பதும் நோக்கமானால் அது வசதியானது.

படிப்பி எதுவானாலும் மின்னழுத்தத்தைப் பாருங்கள். கேம் பாய், கேம் பாய் கலர் கார்ட்ரிட்ஜுகள் 5 வோல்ட்டில் இயங்குபவை. கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் 3.3 வோல்ட்டில் இயங்குவது. அட்வான்ஸ் கருவி, செருகப்பட்ட பேழையின் வடிவத்தை உள்ளே இருக்கும் ஒரு சிறு நெம்பால் உணர்ந்து அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. படிப்பிகள் சிலவற்றில் இதை நாம்தான் ஒரு சுவிட்சால் மாற்ற வேண்டும். 3.3 வோல்ட் கார்ட்ரிட்ஜுக்கு 5 வோல்ட் கொடுப்பது அதைக் கொல்லும் வழி. செருகும் முன் சுவிட்சைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வழி: விண்டோஸுக்கென்றே பிறந்தவை

பழைய படிப்பிகளும், யூ.எஸ்.பி. கம்பியை நேராகத் தம் உடலிலேயே செருகிக்கொள்ளும் பழைய நேரெழுத்துக் கார்ட்ரிட்ஜுகளும் தமக்கென்று ஒரு டிரைவரையும் விண்டோஸ் மென்பொருளையும் குறுவட்டில் தாங்கி வந்தவை. மலிவாகக் கிடைக்கிறது என்று இவற்றை வாங்கும் முன் நிதானிக்க வேண்டும்.

"வைன் இருக்கிறதே" என்பார்கள். வைன் என்பது விண்டோஸ் செயலிகளை லினக்ஸிலும் மேக்கிலும் இயக்கும் மென்பொருள் அடுக்கு. ஆனால் அது செயலிகளைத்தான் இயக்கும், யூ.எஸ்.பி. கருவியைத் தொடும் விண்டோஸ் டிரைவர் இயங்குதளத்தின் கருவத்துக்குள் வாழ வேண்டியது, அங்கே வைன் நுழைவதில்லை. கருவி சீரியல் வழியில் பேசுவதாக இருந்தால் மட்டும் வைன் வழியாகப் பேச்சு நடக்க வாய்ப்புண்டு. மெய்நிகர் கணினிக்குள், அதாவது நம் கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினிக்குள், விண்டோஸை நிறுவி, யூ.எஸ்.பி. கருவியை அதனிடம் ஒப்படைப்பது இதைவிட நம்பகமானது. ஆப்பிளின் சொந்தச் செயலி கொண்ட மேக்குகளில் அதுவும் கைகொடுக்காது: அங்கே ஓடும் ஆர்ம் வகை விண்டோஸ், பழைய இன்டெல் வகை டிரைவரை ஏற்பதில்லை.

இந்த வழியிலும் ஆர்வலர்கள் கதவு திறந்த இடங்கள் உண்டு. இ.எம்.எஸ். 64எம் என்ற பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ் பேசும் முறையை ஆராய்ந்து, லினக்ஸிலும் மேக்கிலும் இயங்கும் சிறிய திறந்த மூலக் கருவி ஒன்றை எழுதியிருக்கிறார்கள். பழைய பொருள் ஒன்று கைக்கு வந்தால், அதன் பெயரோடு "லிப்யூ.எஸ்.பி." என்ற சொல்லைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். டிரைவர் இல்லாமலே யூ.எஸ்.பி. கருவிகளோடு பேச உதவும் நூலகம் அது. அத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் அதன்மேல்தான் கட்டப்படுகின்றன.

எழுதும் முன் படியுங்கள்

தேர்வைப் பற்றிய பேச்சில் மறந்துபோகும் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிப்பி வாங்கியதும் முதலில் செய்ய வேண்டியது எழுதுவது அன்று, படிப்பது. பழைய அசல் கார்ட்ரிட்ஜில் உள்ள சேமிப்பு ஒரு நாணய மின்கலத்தின் தயவில் உயிரோடு இருக்கிறது. மின்கலம் தீர்ந்தால் சேமிப்பும் போய்விடும். புதியது மாற்றும்போதும் போய்விடும். பதின்மூன்று வயதில் என் தம்பி கோடை விடுமுறை முழுவதும் விளையாடிச் சேர்த்தது ஒரு கார்ட்ரிட்ஜில் இருந்தது. அவன் தன் பெயரை நான்கு எழுத்தில் சுருக்கி வைத்திருந்தான். பேழையைத் திறந்து மின்கலத்தை மாற்றும் முன், படிப்பியில் வைத்து அதைக் கோப்பாக எடுத்தேன். வெறும் 32 கிலோபைட். மாற்றிய பின் அதே கோப்பைத் திரும்ப எழுதி அவன் கையில் கொடுத்தபோது அந்த நான்கு எழுத்தும் திரையில் அப்படியே நின்றன.

படித்ததைச் சரிபார்க்கவும் வழி உண்டு. கார்ட்ரிட்ஜின் தொடுமுனையில் அழுக்கு இருந்தால் ஓரிரு பைட்டுகள் தவறாக வரும், கண்ணுக்குத் தெரியாது. கோப்பு முழுவதையும் கணக்கிட்டு வரும் ஒரு சிறு எண்ணுக்குச் செக்சம் என்று பெயர். இருமுறை படித்து இரண்டின் செக்சமும் ஒன்றாக வந்தால் மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். வேறாக வந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு முனைகளைத் துடைத்துவிட்டு மீண்டும் படியுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது?

வைத்திருக்கும் பல விளையாட்டுகளை ஒரே பேழையில் ஏற்றி விளையாடுவது மட்டும் நோக்கமானால் அட்டைக் கார்ட்ரிட்ஜ் வாங்குங்கள்; இயங்குதளக் கவலையை அங்கேயே விட்டுவிடலாம். வாங்கும் முன், உங்களுக்கு வேண்டிய விளையாட்டு கடிகாரத்தைப் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். பயன்படுத்தினால், கடிகாரம் உள்ள மாதிரிதான் வேண்டும். கேம் பாய்க்கான கார்ட்ரிட்ஜும் அட்வான்ஸுக்கானதும் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

பழைய கார்ட்ரிட்ஜுகளைக் காப்பாற்றுவதும், அவற்றிலிருந்து கோப்பை நாமே எடுப்பதும் நோக்கமானால் சீரியல் அல்லது வட்டு முறையில் பேசும் படிப்பி ஒன்று போதும். ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜே வேண்டாம். சொந்தமாக விளையாட்டு எழுதுகிறவர்களுக்குப் படிப்பியும் மலிவான நேரெழுத்துக் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து வேண்டும். ஜி.பி. ஸ்டுடியோ என்ற இலவசக் கருவி, நிரல் தெரியாதவர்களும் கேம் பாய் விளையாட்டு உருவாக்க உதவுகிறது. அது லினக்ஸிலும் மேக்கிலும் இயங்குகிறது. ஆகவே கதை எழுதுவதிலிருந்து பேழையில் அடைப்பது வரை விண்டோஸின் நிழல் படாமலே முடிக்கலாம்.

கோப்புகள் எங்கிருந்து வருகின்றன என்பதில் நேர்மை வேண்டும். நாம் காசு கொடுத்து வாங்கிய கார்ட்ரிட்ஜை இழப்பிலிருந்து காக்கப் படியெடுப்பது ஒன்று. வாங்காததை இறக்கிக்கொள்வது வேறொன்று. கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் பாதுகாப்புப் படி எடுத்துக்கொள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. இணையத்தில் அள்ளிக்கொள்வதற்கு அது இடம் தரவில்லை. ஆர்வலர்கள் இன்றும் கேம் பாய்க்குப் புதிய விளையாட்டுகளை எழுதி இலவசமாகவும் விலைக்கும் வெளியிட்டு வருகிறார்கள். புதிய கருவியைச் சோதிக்க அவற்றில் ஒன்றே போதும்.

அந்தச் சோதனையில் பார்க்க வேண்டிய முதல் அடையாளம் முதல் கேம் பாயை இயக்கியதும் மேலிருந்து இறங்கும் நின்டெண்டோவின் பெயர்ப்பலகை. அது கருவிக்குள் இருக்கும் படம் அன்று; கார்ட்ரிட்ஜின் தொடக்கத்தில் இருக்கும் 48 பைட்டுகளைப் படித்துக் கருவி வரைவது. வரைந்த பின், தன்னிடம் உள்ள படியோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போனால்தான் விளையாட்டைத் தொடங்கும். எழுத்துகள் தெளிவாக இறங்கிவந்து நின்றால், உங்கள் கணினி அனுப்பிய பைட்டுகள் ஒழுங்காக வந்து சேரத் தொடங்கிவிட்டன. எழுத்துக்குப் பதில் கறுப்புப் பட்டை மட்டும் நின்றால் கருவி எதையும் படிக்கவில்லை. எழுத்து சிதைந்து வந்தால் முனைகளைத் துடைத்து, மீண்டும் செருகி, மறுபடி இயக்கிப் பாருங்கள்.